லிங்கரின் வாயை அடைப்பது தீர்வல்ல

லிங்கர் பிழை வந்தால் எதையோ சேர்க்க மறந்துவிட்டோம் என்று பொருள். எதையாவது சேர்த்தோ மாற்றியோ அந்தச் செய்தியை மறையச் செய்தால் வேலை முடிந்தது. சி++ எழுதுவோரிடம் இந்த நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பிறர் கட்டிக் கொடுத்த லைப்ரரியை வேறொரு கம்பைலரோடு இணைக்கும் இடத்தில் இது பெருந்தீங்கு செய்கிறது. அங்கே வரும் பிழை பெரும்பாலும் நம் மறதியைச் சுட்டுவதில்லை. இரு தரப்பும் நினைவகத்தை ஒரே விதமாகப் புரிந்துகொள்ளவில்லை என்று முன்கூட்டியே சொல்கிறது. அந்தச் செய்தியை அடக்கினால் கோளாறு தீராது. நம் மேசையிலிருந்து பயனரின் கணினிக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

இதற்கு அடியில் இன்னொரு நம்பிக்கை இருக்கிறது. சி++ ஒரே மொழி, 1998 முதல் அதற்கு ஐஎஸ்ஓ தரநிலை உண்டு, ஆகவே யார் கட்டிய லைப்ரரியும் யாரோடும் சேர வேண்டும் என்பது அது. தரநிலை வரையறுப்பது மூல நிரலின் பொருளை. ஆப்ஜெக்ட் நினைவகத்தில் எப்படி அடுக்கப்படும், ஃபங்ஷனுக்கு மதிப்புகள் எந்த ரிஜிஸ்டரில் போகும், எக்செப்ஷன் எப்படிப் பிடிபடும், ஃபங்ஷனின் பெயர் ஆப்ஜெக்ட் ஃபைலில் எப்படிப் பதியும் என்பதையெல்லாம் அது கம்பைலர்களிடமே விட்டுவிட்டது. இவை எல்லாம் சேர்ந்ததைப் பைனரி ஒப்பந்தம் எனலாம். ஒரே ஃபங்ஷனின் பெயரை ஜிசிசி அடிக்கோட்டிலும் இசட் எழுத்திலும் தொடங்கிப் பதியும். விஷுவல் சி++ கேள்விக்குறியில் தொடங்கிப் பதியும். கம்பைலர் செய்வோரின் பிடிவாதம் இது என்று நினைப்பவர்கள், எல்லிஸும் ஸ்ட்ரௌஸ்ட்ரப்பும் 1990-இல் வெளியிட்ட சி++ விளக்கக் கையேட்டைப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தின் மற்ற பகுதிகள் பொருந்தாதபோது பெயர்களும் வேறுபட்டிருப்பதை அது ஊக்குவிக்கிறது. ஒட்டக்கூடாதவை லிங்கரிலேயே நின்றுவிடட்டும் என்பதுதான் நோக்கம். நாம் தொல்லை என்று நினைப்பது வேண்டுமென்றே போட்ட தடுப்பு.

அந்தத் தடுப்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை ஜிசிசியிலேயே காணலாம். பல ஸ்ட்ரிங்குகள் ஒரே சேமிப்பைப் பகிர்ந்துகொண்டு, மாற்றும்போது மட்டும் நகலெடுக்கும் பழைய முறைக்குச் சி++11 தரநிலை இடம் தரவில்லை. அதனால் 2015 ஏப்ரலில் வந்த ஜிசிசி 5.1 ஸ்ட்ரிங்கைப் புதிதாக அமைத்தது. 64-பிட் லினக்ஸில் 8 பைட்டாக இருந்தது 32 பைட்டானது. பழையதும் புதியதும் கலந்துவிடாதபடி, புதியதைத் தனி நேம்ஸ்பேஸில் வைத்தார்கள். ஸ்ட்ரிங்கை நேரடியாக வாங்கும் ஃபங்ஷன் என்றால் பெயர் பொருந்தாது, பிழை வரும். ஒரு மேக்ரோவுக்கு 0 கொடுத்தால் பழைய ஸ்ட்ரிங் திரும்பிவிடும். நிரல் முழுவதையும், அது சார்ந்த லைப்ரரிகள் அனைத்தையும் அப்படியே கட்டினால் அது முறையான வழிதான். பிழை காட்டிய ஒரு ஃபைலில் மட்டும் அந்த மேக்ரோவைப் போட்டுவிட்டு நகர்வதுதான் ஆபத்து. ஒரு ஸ்ட்ரக்டில் வாடிக்கையாளர் பெயருக்கு ஸ்ட்ரிங்கும், அடுத்து அவருடைய எண்ணும் இருக்கின்றன என்று வையுங்கள். அந்த ஸ்ட்ரக்டை ரெஃபரன்ஸாக வாங்கும் ஃபங்ஷனின் பதிவில் ஸ்ட்ரக்டின் பெயர்தான் இருக்கும். உள்ளிருக்கும் ஸ்ட்ரிங் எந்தத் தலைமுறை என்பது இராது. லிங்கர் மறுப்பின்றி இணைத்துவிடும். புதிய பக்கம் எண்ணை 32-ஆவது பைட்டில் எழுதும்; பழைய பக்கம் 8-ஆவது பைட்டில் தேடும். புதிய ஸ்ட்ரிங்கில் அந்த இடத்தில் இருப்பது அதன் நீளம். பெயர் ஆறு பைட் நீளம் என்றால் வாடிக்கையாளர் எண் 6 என்று வரும். நிரல் நிற்காது, தவறான பதிலைத் தந்துகொண்டே ஓடும். சோதனையில் ஓடியதே என்று சொல்வோருக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி தேவையில்லை.

விண்டோஸில் பள்ளம் இன்னும் ஆழம். லாங் டபுள் விஷுவல் சி++-இல் 8 பைட், ஜிசிசியின் விண்டோஸ் வடிவமான 64-பிட் மின்ஜிடபிள்யூவில் 16 பைட். ஒரு பக்கத்து ரன்டைம் ஒதுக்கிய நினைவகத்தை மறுபக்கத்து ரன்டைம் விடுவித்தால் ஹீப் கெடக்கூடும். இதையெல்லாம் அறிந்தும், டிஎல்எல்லின் பெயர்ப் பட்டியலான டெஃப் ஃபைலில் ஒரு கம்பைலர் பதிந்த பெயருக்கு மற்றதன் பெயரை மாற்றுப்பெயராகக் கொடுத்து இணைப்பதைத் தீர்வு என்று கற்றுக்கொடுப்பது பொறுப்பற்ற செயல்.

எல்லா லிங்கர் பிழையும் இப்படியா என்று கேட்பார்கள். இல்லை. லைப்ரரியின் பெயரைக் கட்டளையில் விட்டிருக்கலாம். ஸ்டாட்டிக் லைப்ரரிகளின் வரிசை தவறியிருக்கலாம். இரண்டு வகைக்கும் செய்தி ஒன்றுபோல இருப்பதால்தான் இந்தப் பழக்கமே வளர்ந்தது. ஆனால் வேறுபாட்டைக் கண்டறிவது சில நிமிட வேலை. லினக்ஸில் என்எம், விண்டோஸில் டம்ப்பின் கொண்டு லைப்ரரிக்குள் இருக்கும் பெயர்களைப் பார்த்தால் போதும். தேடும் பெயர் அப்படியே இருந்தால் இணைப்பதில் குறை. அதே ஃபங்ஷன் வேறு வடிவப் பெயரோடு இருந்தால் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் குறை; எந்த வரிசை மாற்றமும் அதைச் சரிசெய்யாது. கிளாங்கும் ஜிசிசியும் லினக்ஸில் ஒத்துப்போகின்றனவே என்பதும் உண்மை. ஒரே ஒப்பந்தத்தை ஏற்று, ஒரே ஸ்டாண்டர்ட் லைப்ரரியைப் பயன்படுத்தும்வரை அது நடக்கும். கிளாங்குக்கான தனி ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கு மாறினால் ஸ்ட்ரிங் 24 பைட், உறவு முறிந்தது. கம்பைலரின் பெயரைவிட ஒப்பந்தம்தான் முக்கியம் என்பதற்கு இது சான்று.

மூல நிரல் கையில் இருந்தால் நம் கம்பைலரிலேயே மறுபடி கட்டுவதுதான் வழி. விற்பனையாளர் தராதபோது என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. லைப்ரரியைக் கட்டிய அதே கம்பைலரில் சிறிய டிஎல்எல் ஒன்றை எழுதி, வெளியே சி பாணி ஃபங்ஷன்களை மட்டும் காட்டலாம். அளவு உறுதியான எண்கள், பாயின்டர்கள் தவிர வேறெதுவும் எல்லையைக் கடக்கக்கூடாது; எக்செப்ஷன் உள்ளேயே பிடிபட வேண்டும்; ஒதுக்கியவரே விடுவிக்க வேண்டும். இதற்குக் கூடுதல் உழைப்பு தேவை, மறுக்கவில்லை. அந்த உழைப்பை நம்மீது சுமத்துவது, எந்தக் கம்பைலரின் எந்தப் பதிப்பில் கட்டினோம் என்றுகூடச் சொல்லாமல் பைனரியை மட்டும் அனுப்பும் நிறுவனங்கள். ஆனால் எல்லோரும் அப்படியில்லை. க்யூடி லைப்ரரி, விஷுவல் சி++-க்கும் மின்ஜிடபிள்யூவுக்கும் தனித்தனியாகக் கட்டித் தருகிறது. லிப்டார்ச் லைப்ரரி பழைய ஸ்ட்ரிங்குக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என இரண்டு தொகுப்புகளை வெளியிட்டது. பணம் வாங்கிக்கொண்டு லைப்ரரி தரும் எவரிடமும் வாங்கும் முன்பே நம் கம்பைலருக்கேற்ற தொகுப்பைக் கேட்டுப் பெற நமக்கு உரிமை இருக்கிறது.