குளித்த பிறகு ஒரு சொட்டு எண்ணெய்



மார்கழி பிறந்தால் திண்டுக்கல்லில் காற்றே மாறிவிடுகிறது. மழை ஓய்ந்து, சிறுமலைப் பக்கமிருந்து விடியற்காலையில் வருகிற பனிக்காற்றில் பெரியவர்களுக்கே உதடு வெடிக்கிறது, குதிகால் பிளக்கிறது. போன மார்கழியில் என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரன் பிறந்து 12 நாள். துணியை விலக்கிப் பார்த்தவள் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டாள். பிள்ளையின் கணுக்காலில் தோல் சின்ன வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக எழும்பி நின்றது. விரல் பட்டாலே உதிர்ந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். பிள்ளையைக் குளிப்பாட்ட வருகிற பக்கத்து வீட்டு அப்பத்தா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பச்ச உடம்பு தாயி, உரியத்தான் செய்யும். பிச்சு மட்டும் விட்றாத."

அப்பத்தா சொன்னது முழுக்கச் சரி. மாதக்கணக்கில் நீருக்குள்ளேயே கிடந்த உடம்பு, வெண்ணெய் பூசியது போன்ற ஒரு வெள்ளைப் பூச்சோடு வெளியே வருகிறது. அந்தப் பூச்சு போனதும் காற்று பட்டு மேல்தோல் உரிகிறது. நாள் தள்ளிப் பிறந்த பிள்ளைக்கு இன்னும் கூடுதலாக உரியும். இரண்டு மூன்று வாரத்தில் தானே நின்றுவிடும். பிறந்து குறைந்தது 24 மணி நேரமாவது குளிப்பாட்டுவதைத் தள்ளிப்போடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரையிலும் இருக்கிறது. பிள்ளையின் உடல் சூடு இறங்காமல் இருக்க அது உதவுகிறது. வெள்ளைப் பூச்சும் தோலோடு கொஞ்ச நேரம் கூட இருக்கும்.

நம் பக்கத்தில் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் பிறப்பது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. டாக்டர் சௌந்தரம் அம்மையார் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கிய நாளிலிருந்து, சின்னாளபட்டி சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேருக்குக் கஸ்தூரிபா மருத்துவமனைதான் பிறந்த இடம். ஆனால் பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் குளிப்பாட்டு வீட்டிலேயேதான் இருக்கிறது. அப்பத்தாவும் அம்மாச்சியும் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, கை கால் நீவி ஊற்றுகிற அந்தக் குளியலை நான் குறை சொல்ல மாட்டேன். இதமாக உடம்பு நீவிவிடுவது பிள்ளைக்கு நல்லதாக இருக்கலாம் என்று அதே பரிந்துரையும் சொல்கிறது.

எனக்கு வருத்தம் அதற்கு அடுத்த நிமிஷத்தில்தான். தேய்த்த எண்ணெய் போக வேண்டும் என்று பயத்தம்மாவு, மஞ்சள், சோப்பு, ஆவி பறக்கிற வெந்நீர் எல்லாம் போட்டு "அழுக்குப் போக" உரசி எடுத்துவிடுகிறோம். எண்ணெயோடு தோலின் சொந்தப் பசையும் போய்விடுகிறது. கைக்குழந்தையின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. பிறந்த பிறகு சில வாரங்களில்தான் அது லேசான அமிலத்தன்மைக்கு வந்து கிருமிகளைத் தடுக்கத் தயாராகிறது. கட்டிச் சோப்போ காரத்தன்மை உள்ளது. குளித்து முடித்ததும் பிள்ளைக்குப் பவுடரைக் கொட்டுகிறோம். இருக்கிற ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு சாம்பிராணிப் புகை வேறு. பவுடரும் புகையும் பிள்ளையின் நெஞ்சுக்குத்தான் போகின்றன.

அதே எண்ணெயைக் குளித்த பிறகு தடவிப் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். சோப்பு, தேவையென்றால், அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் மட்டும். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோலில் ஈரம் லேசாக இருக்கும்போதே வறண்ட இடத்தில் மெல்லிசாகத் தடவிவிடுங்கள். எண்ணெயில் தண்ணீர் கிடையாது. தோலில் இருக்கிற ஈரத்தை மூடிக் காப்பதுதான் அதன் வேலை. காய்ந்த தோலில் எவ்வளவு ஊற்றினாலும் அந்த வேலை நடக்காது. வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெய் போதும். வறட்சி அதிகம் என்றால் வாசனை இல்லாத வாசலின் இன்னும் நன்றாகப் பிடிக்கும். கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோலின் பாதுகாப்பைக் கெடுக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுவதால் அவற்றைத் தவிர்க்கிறேன். சித்திரை வெயிலில் வேர்க்குரு போட்டிருக்கும்போது எந்த எண்ணெயும் வேண்டாம்.

தோல் நன்றாக இருக்கிற பிள்ளைக்கு இதுகூடத் தேவையில்லை. இங்கிலாந்தில் 1,394 பச்சிளம் குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. ஒரு வருஷம் தினமும் ஈரப்பதக் களிம்பு பூசியும் கரப்பான் என்கிற தோல் நோய் வருவதை அது தடுக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளுக்காகத் தமிழக அரசு 2015இல் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் இருந்த 16 பொருள்களில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாம் உண்டு. எத்தனையோ ஏழைத் தாய்மார்களுக்கு அது பெரிய ஆறுதல். பெட்டியில் இருப்பதையெல்லாம் முதல் மாதத்திலேயே தீர்த்தாக வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நம் ஊர் போர்த் தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். பக்கெட் விளிம்பில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதில் பிள்ளையைக் குளிப்பாட்டலாமா? கேன் தண்ணீர் வாங்கிக் குளிப்பாட்டுகிற வீடுகளை எனக்குத் தெரியும். குடிக்கிற தண்ணீருக்கே கணக்குப் பார்க்கிற ஊரில் இது பெரிய செலவு. இங்கிலாந்தில் உப்புத்தண்ணீர் வருகிற வீடுகளில், கரப்பான் உள்ள 336 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். தண்ணீரை மென்மையாக்கும் கருவி பொருத்திய வீட்டுக் குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று 2011இல் எழுதினார்கள். எனவே அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள். உப்புத்தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லை என்று இன்னும் கொஞ்சம் தேய்ப்போம், அந்தச் சோப்பு பிசுபிசுவென்று தோலிலேயே தங்கிவிடும். தண்ணீரை மாற்றுவதைவிடச் சோப்பைக் குறைப்பது சுலபம். குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாளில் கடைசி சொம்பை அதில் ஊற்றினால் போதும்.

வறட்சிக்கும் கரப்பானுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று மாத வயதுக்கு மேல் கன்னம் சிவந்து சொரசொரப்பாகி, நீர் கசிந்து, பிள்ளை முகத்தை உங்கள் தோளில் உரசி உரசித் தூங்காமல் அழுதால், அது அநேகமாகக் கரப்பான். உடனே தாயின் சாப்பாட்டில் கை வைப்பார்கள். கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, கரப்பான் பண்டம் எதுவுமே ஆகாது என்று பால் கொடுக்கிறவளுக்கு ரசச் சோறு மட்டும் போடுவார்கள். தயவுசெய்து டாக்டர் சொல்லாமல் அவள் தட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.

எங்கள் உறவில் ஒரு பெண், பிள்ளையின் கன்னத்தை மருந்துக் கடையில் போனில் காட்டி ஒரு டியூப் வாங்கி வந்தாள். இரண்டே நாளில் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. மறுபடியும் அதே டியூப். நான்கு மாதம் இப்படியே போனதில் கன்னத்துத் தோல் மெலிந்து நரம்பு தெரிந்தது. பெரியவர்களுக்கான வீரியமான ஸ்டீராய்டு களிம்பு அது. இப்படிப்பட்ட 14 களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இலேயே உத்தரவு போட்டது. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் மிரளவும் வேண்டாம். டாக்டர் பார்த்து, லேசானதைச் சில நாளுக்கு, இத்தனை அளவு என்று எழுதிக் கொடுத்தால் கரப்பானுக்கு அது நல்ல மருந்து. சீழ்க் கொப்புளம், காய்ச்சல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இவற்றில் எது இருந்தாலும் தோலைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பக்கத்து வீட்டு அப்பத்தாவிடம் எண்ணெயைக் குளித்த பிறகு தடவலாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். ஐம்பது பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கை அது. "முன்னாடியும் தேய்ச்சுக்கங்க, ஆனா மாவு வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவரே எண்ணெய்ப் பாட்டிலைக் கேட்டு வாங்கினார். மார்கழிக் குளிரில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. பாட்டிலைப் பிள்ளை குளிக்கிற வெந்நீர்ச் சட்டிக்குள்ளேயே நிறுத்தி வைத்தார். குளிப்பாட்டி, துடைத்து, பழைய சுங்குடிப் புடவையில் பேரனைக் கிடத்துவதற்குள் எண்ணெய் உருகித் தெளிந்திருந்தது. இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுச் சூடு பரவத் தேய்த்து, அந்தக் கணுக்காலைப் பிடித்தார்.

அன்புடன்,
ஆசிரியர்