பனிவீடும் லயத்து வீடும்



சென்ற வாரம் நான்காம் ஆண்டு வகுப்பில் உலக மக்களின் பாரம்பரிய வீடுகளைப் பற்றிப் பாடம் நடத்தினேன். பனிவீட்டுப் படத்தைக் காட்டி, “இதில் வாழ்பவர் யார்?” என்று வினவினேன். “எஸ்கிமோக்கள்!” என வகுப்பே ஒரே குரலில் முழங்கியது. பல ஆண்டுகளாக நான் கற்பித்து வந்த விடையும் அதுவே. ஆனால், அது சரியான விடையன்று.

கனடாவின் வடகோடியில் வாழும் அம்மக்கள் தங்களை இனுயிட் என்றே அழைத்துக் கொள்கின்றனர். பனிவீடு அவர்களுக்குக் குளிர்காலத்திலும் வேட்டைப் பயணத்திலும் பயன்பட்ட தங்குமிடம். கோடையில் தோல் கூடாரங்களில் வசித்தனர். இன்று அவர்கள் வாழ்வது மின்சாரமும் வெப்பமூட்டியும் உள்ள வீடுகளில்தான். ‘இக்லூ’ என்னும் சொல்லுக்கே அவர்கள் மொழியில் ‘வீடு’ என்பதுதான் பொருள்.

குறை, நாம் கொடுக்கும் ‘பொருத்துக’ பயிற்சியில் இருக்கிறது. ஒருபுறம் மக்கள், மறுபுறம் வீடு. கோடு போட்டால் மதிப்பெண். ‘ஏன் இப்படிக் கட்டினார்கள்?’ என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை. கேட்டிருந்தால், பனிக்கட்டிக்குள் அடைபட்ட காற்று உள்ளிருக்கும் வெப்பத்தைக் காக்கிறது என்பதையும், உறங்கும் மேடை வாயிலைவிட உயரமாக இருப்பதால் குளிர்காற்று கீழேயே தங்கிவிடுகிறது என்பதையும் மாணவர்கள் அறிந்திருப்பார்கள்.

நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. மலாய்க் கம்பத்து வீடு தூண்கள் மீது நிற்கிறது. வெள்ளமும் ஈரமும் வீட்டினுள் புகா; தரைக்கு அடியிலும் காற்று வீசும். சரவாக்கின் இபான் நீண்ட வீட்டில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனி அறை உண்டு. அவற்றின் முன்னே ‘ருவாய்’ எனப்படும் நீண்ட கூடம் அனைவருக்கும் பொது. முன்னதைத் தட்பவெப்பம் வடிவமைத்தது. பின்னதை உறவுமுறையும் சேர்ந்து வடிவமைத்தது.

இவ்வாறு விளக்கிக் கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, நம்முடைய பாரம்பரிய வீடு எது?”

உடனே என்னால் விடை கூற முடியவில்லை. திண்ணையும் முற்றமும் உள்ள தமிழ்நாட்டு வீட்டைச் சொல்லலாம். ஆனால், நான் பிறந்தது தோட்டத்து லயத்து வீட்டில். அதை நாங்கள் கட்டவில்லை. தோட்ட நிர்வாகம் கட்டியது. வேலை போனால் வீடும் போய்விடும். அடுத்த வீட்டில் இருமினால் எங்களுக்குக் கேட்கும். ஆயினும், அந்த வாசலில்தான் அம்மா கோலமிட்டார். பின்புறத்தில்தான் தாத்தா முருங்கை நட்டார். பால்மரம் வெட்டியவர்கள் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய வீடு அது. பாடநூலில் இடம்பெறத்தக்க அழகு அதற்கு இல்லைதான். அதற்காக வகுப்பறையில் அதைப் பற்றிப் பேசாமல் விடுவது முறையா?

கூடாது என்பதே என் கருத்து. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயங்களில் வாழ்ந்த மூத்தோரும் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். எனவே, தாத்தா பாட்டி வாழ்ந்த வீட்டைக் கேட்டறிந்து வரைந்து வருமாறு மாணவர்களைப் பணித்துள்ளேன். எத்தனை அறைகள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே சமைத்தார்கள் என்பனவற்றையும் எழுத வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வந்து கேட்டால், “அந்தப் பழங்கதை இப்போது எதற்கு?” என்று ஒதுக்கிவிடாதீர்கள். அருகில் அமர்த்திச் சொல்லுங்கள். ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் இதைச் செய்து பாருங்கள்.