அட்டை இருக்கு, ஆஸ்பத்திரி எங்கே?



காப்பீடு என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பயிருக்கு பிரீமியம் கட்டுகிறோம். வயல் கருகிக் கிடக்கிறது. கேட்கப் போனால், "உங்க வயல் மட்டும் கருகினா போதாது, கிராமத்துக் கணக்குல மகசூல் குறையணும்" என்கிறார்கள். அந்தக் காப்பீடு இப்போது நம் உடம்புக்கும் வந்திருக்கிறது. அதில் நமக்கு எவ்வளவு கிடைக்கிறது, எது கிடைக்காமல் போகிறது என்று கணக்குப் பார்க்கத்தான் இந்தப் பிரசுரம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். 2009 ஜூலையில் ஒரு லட்ச ரூபாய்க்குக் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்று உயர்ந்தது. நெஞ்சு ஆபரேஷன் பண்ணிப் பிழைத்தவர்களும், டயாலிசிஸ் செய்துகொண்டு உயிரோடு இருப்பவர்களும் நம் சுற்றுவட்டாரத்தில் உண்டு. அட்டை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அட்டை மட்டும் போதாது என்கிறோம்.

நம்மில் ஒருவருக்கு நடந்ததைக் கேளுங்கள். தீராத வயிற்று வலி. டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தம் பார்க்கணும், ஸ்கேன் எடுக்கணும், இன்னொரு ஸ்கேன் எடுக்கணும் என்றார்கள். அட்டையை நீட்டினார். "படுக்கையில் சேர்த்து ஆபரேஷன் என்றால்தான் அட்டை" என்று பதில் வந்தது. நாலு தடவை பஸ் ஏறி இறங்கினார். கடைசியில் ஆபரேஷன் இலவசம்தான். ஆனால் அதற்கு முன்னாலேயே ரெண்டு ஆடு போயிருந்தது. துணைக்கு இருந்த சம்சாரத்துக்கும் கூலி போச்சு. வீட்டுக்கு வந்த பிறகு வாங்கிய மாத்திரைக்குக் கம்மல் அடகுக்குப் போனது. ஓலைப்பாயில் படுத்தவனை அட்டை பார்க்காது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தால்தான் பார்க்கும். நம் காசு கரைவதோ கட்டிலுக்கு முன்னாலும் பின்னாலும்தான்.

அட்டை யாருக்குக் கிடைக்கும்? ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்று இருந்த வரம்பு 2022-ல் 1,20,000 ஆனது. மாதம் பத்தாயிரம்! நம் வீட்டுப் பிள்ளை ராஜபாளையம் மில்லில் மாதம் 12,000 வாங்கினால், ஆண்டுக்கு 1,44,000. அந்தக் குடும்பம் வசதியான குடும்பம் ஆகிவிடுமாம்! வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. ஆபீசில் நிற்பவர் பட்டாவைக் காட்டுகிறார், கடனை எங்கே காட்டுவது?

மருந்து விலையைப் பாருங்கள். அத்தியாவசிய மருந்துகளின் உச்ச விலையை 2022 ஏப்ரலில் 10.76 சதவீதமும், 2023 ஏப்ரலில் 12.12 சதவீதமும் ஏற்றிக்கொள்ள மத்திய அரசு அனுமதித்தது. நம் சாதா ரக நெல்லுக்கு? 2022-ல் குவிண்டாலுக்கு 1,940-லிருந்து 2,040, அதாவது 5 சதவீதம். 2023-ல் 2,183, அதாவது 7 சதவீதம். விற்கிற நெல் நடக்கிறது, வாங்குகிற மாத்திரை ஓடுகிறது.

பணம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2022 ஜனவரியில் திட்டத்தைப் புதுப்பித்தபோது 1.37 கோடி குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு ரூ.849 வீதம் ஆண்டு பிரீமியம். பெருக்கிப் பாருங்கள், ஆயிரம் கோடிக்கு மேல். கம்பெனி பொதுத்துறைக் கம்பெனிதான், அதோடு நமக்குச் சண்டை இல்லை. ஆனால் பெரிய வியாதிக்கு இவ்வளவு ஒதுக்குகிற அரசு, வியாதி பெரிதாகாமல் தடுக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி டாக்டர் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டாமா? 2017-ல் வந்த தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசு சுகாதாரத்துக்குச் செலவிடும் என்றது. 2021-22 கணக்கில் வந்தது 1.84 தான். அதே ஆண்டு நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் மடியிலிருந்து போனது.

அரசால் முடியாதா? முடியும்! 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்தை மொத்தமாக வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பியது. ராஜஸ்தான் 2011-ல் அதைப் பார்த்துத்தான் இலவச மருந்துத் திட்டம் கொண்டுவந்தது. தாய்லாந்து 2002-ல் எல்லா மக்களுக்கும் 30 பாட் கட்டணத்தில் வைத்தியம் என்றது. வருமானச் சான்று கேட்கவில்லை. வரிப் பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று உள்ளூர் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்தது.

நாம் ராத்திரியில் தண்ணி பாய்ச்சப் போகிறவர்கள். மலையடிவாரத்துத் தோப்பில் பாம்பு எப்போது காலைச் சுற்றும் என்று தெரியாது. பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் தமிழக அரசு அறிவித்தது. நல்லது. கடிபட்டவனுக்குக் கணக்கு எழுதினால் போதுமா? விஷமுறிவு மருந்து பக்கத்திலேயே வேண்டும், அதைப் போடத் தெரிந்த டாக்டர் அந்த நேரம் வேண்டும். மதுரைப் பெரியாஸ்பத்திரி வரை விஷம் காத்திருக்காது!

சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி நாடெங்கும் காயம் கட்டுகிறது. அதை நெய்கிற வட்டாரத்தில், நம் காயத்துக்குக் கட்டுப்போட நாம் எத்தனை பஸ் மாறுவது? விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள், வரவேற்கிறோம். ஊர் ஆஸ்பத்திரி பலமாக இருந்தால்தான் அதுவும் கூட்டத்தில் திணறாமல் வேலை செய்யும்.

எனவே நாங்கள் கேட்பது:

1. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் டாக்டர், நர்ஸ். விஷமுறிவு மருந்து எப்போதும் இருப்பில்.

2. வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் அரசு ஆஸ்பத்திரிகளில் காலியிடம் இருந்தால் உடனே நிரப்பு. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை அன்றன்றே, இலவசமாக.

3. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தடையில்லாமல், ஒரு மாதத்துக்குச் சேர்த்து.

4. காப்பீட்டுக்கு வருமான வரம்பை எடு. சேர்க்கைக்கு முன் பரிசோதனை, பின் மருந்து, இரண்டையும் அதில் சேர்.

5. தனியார் ஆஸ்பத்திரி வாசலில் கட்டணப் பலகை வை. எந்த வைத்தியத்துக்கு அட்டை செல்லும் என்பதையும் அதில் எழுது.

தோழர்களே! வீட்டில் கிடக்கும் ஆஸ்பத்திரி பில்லை, மருந்துக் கடைச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சங்கத்தில் கொண்டுவந்து கொடுங்கள். அத்தனையையும் கட்டி, கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மேசை மேல் வைப்போம். ஒருத்தர் பில் ஒரு குடும்பத்தின் கஷ்டம். ஊரே சேர்ந்து வைக்கிற பில் அரசுக்குக் கேள்வி!

பதில் சொல்லாமல் தப்ப விடமாட்டோம். திரண்டு வாரீர்!