விரக்தியின் தத்துவமா இருத்தலியம்?

இரண்டாம் உலகப் போரின் இடிபாடுகளுக்கு நடுவே பிறந்த விரக்திதான் இருத்தலியம். அதற்கு அடித்தளமான தோற்றப்பாட்டியலோ, அவரவர் மனத்துக்குள் எட்டிப்பார்த்து எழுதிக்கொண்ட குறிப்பு. பரவலாக நிலவும் மதிப்பீடு இது. வாழ்க்கை அபத்தம் என்று தெரிந்துகொள்ள இரண்டு நாவல்கள் போதும், கடினமான தத்துவ நூல்களோடு மல்லுக்கட்டுவானேன் என்ற அலட்சியமும் இதிலிருந்தே வருகிறது. இந்த மதிப்பீடு வரலாற்றிலும் தவறு, கருத்திலும் தவறு.

வரலாற்றுப் பிழையைக் காட்ட ஆண்டுகளே போதும். இருத்தலியத்தின் முன்னோடியான கீர்க்கெகார்ட் 1855இல் இறந்துவிட்டார். ஹைடெக்கரின் 'இருத்தலும் காலமும்' 1927இல் வெளிவந்தது. சார்த்தர் பெர்லினில், தோற்றப்பாட்டியலைத் தொடங்கிய ஹுஸ்ஸெர்லைப் படித்தது 1933-34இல். அவருடைய 'குமட்டல்' நாவல் 1938இல் வந்தது. 1945 அக்டோபரில் பாரிஸில் அவர் ஆற்றிய சொற்பொழிவு இருத்தலியத்தைத் தெருவெங்கும் பேசவைத்தது உண்மை. ஆனால் போர் அதற்குத் தந்தது வாசகர்களை; கருத்துகள் அதற்கு முன்பே உருவாகிவிட்டன. தமிழில் பலரும் இந்தச் சிந்தனையை எதிர்கொண்டது வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த 'அந்நிய'னின் வழியாகத்தான். அதை எழுதிய காம்யுவோ, தான் இருத்தலியவாதி அல்ல என்று 1945இலேயே மறுத்துவிட்டார். அந்த ஒரு நாவலை வைத்து ஒரு மரபையே எடைபோடுவது நியாயமல்ல.

தோற்றப்பாட்டியல் வெறும் அகநோக்கு என்பது இதைவிடப் பெரிய பிழை. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஹுஸ்ஸெர்ல், 1900இல் வெளியிட்ட 'தருக்க ஆய்வுகள்' முதல் தொகுதியின் பெரும்பகுதியை, தருக்க விதிகளை மன நிகழ்ச்சிகளாகச் சுருக்கும் உளவியல்வாதத்தை மறுப்பதற்கே ஒதுக்கினார். அவர் ஆராய்ந்தது, பொருள்கள் நமக்குத் தோன்றும் முறையில் உள்ள அமைப்பை. ஒரு மேசையைப் பாருங்கள். கண்ணுக்குப் படுவது ஒரு பக்கம்தான். ஆனாலும் நாம் பார்ப்பது முழு மேசையை. மறைந்திருக்கும் பக்கங்களும், சுற்றி நடந்தால் அவை தெரியவரும் என்ற எதிர்பார்ப்பும் அந்தப் பார்வைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. யாருடைய தனிப்பட்ட மனநிலையும் அல்ல இது. யார் பார்த்தாலும் அப்படித்தான். விவரிப்பு தவறென்றால் இன்னொருவர் தன் அனுபவத்தைக் கொண்டே அதைத் திருத்தலாம். அந்தரங்கக் குறிப்பை யாராலும் அப்படித் திருத்த முடியாது.

மெர்லோ-போந்த்தியின் 'புலனறிவின் தோற்றப்பாட்டியல்' (1945) இதற்கு நல்ல சான்று. முதல் உலகப் போரில் குண்டுச் சிதறலால் மூளையில் காயம்பட்ட ஷ்னைடர் என்ற நோயாளி பற்றி கெல்ப், கோல்ட்ஷ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியவற்றை அவர் விரிவாக அலசுகிறார். கொசு கடித்தால் ஷ்னைடரின் கை சட்டென்று சரியான இடத்துக்குப் போகும். கண்ணை மூடச்சொல்லி, உடலின் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டச் சொன்னால் தடுமாறுவார். தசைகளும் கையும் அவைதாம். அப்படியென்றால் உடல் மனம் ஓட்டும் இயந்திரமல்ல, தனக்கே உரிய ஓர் அறிதல் அதற்கு உண்டு என்ற முடிவுக்கு மெர்லோ-போந்த்தி வருகிறார். முடிவை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம்; ஆனால் அது மருத்துவச் சான்றுகளோடு மோதி எழுந்த முடிவு.

இருத்தலியம் தனிமனிதனை மட்டுமே பார்க்கிறது, சமூகத்தை மறக்கிறது என்பது மார்க்சியர்கள் நெடுங்காலமாக எழுப்பும் ஆட்சேபம். சார்த்தரின் தொடக்கக்கால எழுத்தைப் பொறுத்தவரை அதில் வலு இருக்கிறது. ஆனால் ஒரு பெண் தன் உடலையும் உலகையும் எப்படி வாழ நேர்கிறது என்று 'இரண்டாம் பாலின'த்தில் (1949) சிமோன் தெ பொவ்வார் விவரித்ததும், வெள்ளையரின் பார்வை ஒரு கறுப்பு மனிதனின் உடலை என்ன செய்கிறது என்று 1952இல் ஃபனோன் எழுதியதும் இதே தோற்றப்பாட்டியல் வழிமுறையில்தான். அனுபவத்தை நுணுகி விவரித்தபோது அதற்குள்ளேயே சமூகத்தைக் கண்டார்கள்.

ஹைடெக்கர் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்ற ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் தோற்றப்பாட்டியலைத் தொடங்கிய ஹுஸ்ஸெர்ல் யூதராகப் பிறந்தவர். அதே நாஜிகளின் ஆட்சி அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒதுக்கிவைத்தது. ஹைடெக்கரின் அரசியல் அவர் சிந்தனைக்குள் எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்பது இன்றும் கடுமையாக விவாதிக்கப்படுகிறது. அந்த விவாதத்தில் நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றாலும் நூல்களைத்தான் படிக்க வேண்டும். நாவல்களோடு நின்றுவிட்ட வாசகர்கள், மெர்லோ-போந்த்தியிலோ பொவ்வாரிலோ ஓர் அத்தியாயத்தையாவது பொறுமையாகப் படித்துவிட்டு இந்தத் தத்துவத்தை எடைபோடட்டும்.