பத்து வருஷ அனுபவம் இருக்கு, பி.இ. இல்லை: வடசென்னை டெக்னீஷியன் எங்கே படிப்பது?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை விடியற்காலையிலேயே ஷிஃப்ட் பஸ்கள் ஓடத் தொடங்கிவிடும். துறைமுகம், அசோக் லேலண்ட், மணலி சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையம் என்று ஆளுக்கொரு கேட். அந்த பஸ்களில் டிப்ளமோ முடித்துவிட்டு எட்டு, பத்து வருஷமாக மெஷினோடு பழகியவர்கள் நிறைய பேர். புதிதாக வரும் பி.இ. பட்டதாரிக்கு வேலை கற்றுத்தருவதும் பல இடங்களில் இவர்கள்தான். சில வருஷம் கழித்து அதே பட்டதாரி இவர்களுக்கு மேலதிகாரி ஆகிவிடுவார்.

"நீயும் ஒரு டிகிரி போட்டுடேன்" என்று வீட்டில் சொல்வார்கள். போனை எடுத்துத் தேடினால், "வகுப்புக்கு வர வேண்டாம், வேலையை விட வேண்டாம், குறைந்த ஃபீஸ்" என்று விளம்பரங்கள் வரிசை கட்டும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த வயதில் பட்டம் தேடுபவர் ‘எது ஃபீஸ் கம்மி?’ என்று பார்ப்பதற்கு முன்னால், ‘எது செல்லும்?’ என்று பார்க்க வேண்டும்.

2017 தீர்ப்பு சொன்ன பாடம்

ஒடிசாவின் லிஃப்ட் பாசனக் கழகத்தில் பதவி உயர்வு தொடர்பாக ஒரு தகராறு. டிப்ளமோவோடு வேலையில் சேர்ந்தவர்கள், வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பொறியியல் பட்டம் வாங்கியிருந்தார்கள். அந்தப் பட்டம் செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 நவம்பர் 3-ம் தேதி தீர்ப்பு வந்தது. ஏஐசிடிஇ ஒப்புதல் இல்லாமல் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல் வழியில் பொறியியல் பட்டம் தர முடியாது என்றது நீதிமன்றம்.

வழக்கில் இருந்த நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் தேறினால்தான் அவை மீண்டும் செல்லும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை, பட்டம் ரத்து. பணம் கட்டி, பரீட்சை எழுதி, பிரமோஷனும் வாங்கிய பிறகு வந்த அடி இது. ஃபீஸ் கம்மியாக இருந்தது அவர்களைக் காப்பாற்றவில்லை.

இன்றும் யுஜிசி விதிப்படி பொறியியல் பட்டத்தைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ தர அனுமதி இல்லை. பி.சி.ஏ., எம்.பி.ஏ. வேறு கதை. ஆகவே "ஆன்லைன் பி.டெக்., முழு அங்கீகாரம்" என்று யாராவது போனில் சொன்னால், அந்த அழைப்பை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

அப்போ எது செல்லும்?

முதல் வழி, பகுதிநேர பி.இ. தமிழ்நாட்டில் டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்காக நீண்ட காலமாக இருக்கும் படிப்பு. ஏழு செமஸ்டர், மூன்றரை வருஷம், மாலை வகுப்பு என்பதுதான் அதன் வழக்கமான வடிவம். அரசுக் கல்லூரிகளில் கிடைத்தால் செலவிலும் இதுதான் தாங்கக்கூடியது.

இரண்டாவது, ஏஐசிடிஇ சமீப ஆண்டுகளில் கொண்டுவந்த ‘பணியில் இருப்போருக்கான’ பிரிவு. வேலை நேரத்துக்கு ஏற்ப வகுப்பு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். குறைந்தது ஒரு வருஷ முழுநேர அனுபவம் வேண்டும். வேலை செய்யும் நிறுவனம் பதிவுபெற்றதாகவும், கல்லூரியிலிருந்து 50 கி.மீ. சுற்றளவுக்குள்ளும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். படிப்புகள். டேட்டா சயின்ஸ், எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் போன்றவை உண்டு. ஜேஇஇ தேவையில்லை, தகுதிச் சுற்றில் தேறினால் போதும். பாடம் ஆன்லைனில், தேர்வு நேரில். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 75 சதவீதம் வரை கட்டணச் சலுகையும் இருக்கு. ஆனால் இது பி.எஸ்., பி.டெக். இல்லை. டேட்டா பக்கம் தாவ நினைப்பவருக்கு அருமையான வழி, ‘பி.இ. அல்லது பி.டெக்.’ என்று கேட்கும் பிரமோஷனுக்கு உதவாமல் போகலாம்.

சீனியர்கள் சிலர் "ஏஎம்ஐஇ எழுதுப்பா" என்பார்கள். அவர்கள் காலத்தில் அது நல்ல யோசனை. 2013 மே 31-க்குள் பதிவு செய்தவர்களுக்குத்தான் மத்திய அரசு வேலைக்கான சமநிலை அங்கீகாரம் உண்டு. புதிதாகச் சேருபவர் அதை நம்பி இறங்கக் கூடாது.

உண்மையான செலவு ஷிஃப்ட்தான்

எண்ணூரில் வேலை பார்க்கும் 31 வயது மெக்கானிக்கல் டிப்ளமோகாரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் ஷிஃப்ட் வாரத்தில் மதியமே வெளியே வந்துவிடலாம். விம்கோ நகர் வரை 2021-ல் மெட்ரோ வந்துவிட்டதால் கிண்டிக்கு ஒரே ரயில். இரண்டாம் ஷிஃப்ட் வாரம் வந்தால்? வகுப்பு நடக்கும் நேரத்தில் அவர் மெஷின் முன்னால் நிற்பார். அட்டெண்டன்ஸ் போகும். ஓவர்டைமை விட்டால் வீட்டு பட்ஜெட் இடிக்கும். ஃபீஸ் ரசீதில் வராத செலவுகள் இவை.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு இன்னொரு சுவர். பெரிய கம்பெனி கேட்டுக்குள் பத்து வருஷம் உழைத்திருந்தாலும் அவர் சம்பளச் சீட்டு ஒப்பந்ததாரர் பெயரில் இருக்கும். அந்த ஒப்பந்ததாரரிடம் ஒழுங்கான பதிவு இல்லையென்றால் அனுபவத்தைக் காட்டவே திண்டாட வேண்டும்.

கோவைக்கு இருப்பது இங்கேயும் வேண்டும்

கோவையில் ஜிசிடி, பிஎஸ்ஜி, சிஐடி மூன்றும் தொழிற்சாலைகள் இருக்கும் ஊருக்குள்ளேயே பகுதிநேர பி.இ. நடத்திவந்த கல்லூரிகள். ஃபவுண்டரியிலும் பம்ப் பட்டறையிலும் வேலை முடித்தவர் நேராக வகுப்புக்குப் போக முடிந்தது. சென்னையில் தொழிற்சாலைகள் வடக்கே வரிசையாக நிற்க, பழைய பொறியியல் வளாகங்களான கிண்டியும் குரோம்பேட்டை எம்ஐடியும் தெற்கே இருக்கின்றன. வடக்கே சூரப்பட்டு, கவரைப்பேட்டை பக்கம் தனியார் கல்லூரிகள் உண்டு. அவர்களிடம் ஆய்வகமும் இருக்கு, ஆசிரியரும் இருக்கு.

50 கி.மீ. விதி தடையில்லை, சட்டமும் இடம் தருகிறது. மீதி வேலை அரசுக்கும் கம்பெனிகளுக்கும். திருவொற்றியூர் வட்டாரத்தில் அரசுக் கட்டணத்தில் ஒரு மாலைநேரப் பிரிவு தொடங்க வேண்டும். படிக்கும் தொழிலாளியை செமஸ்டர் முடியும்வரை முதல் ஷிஃப்டில் வைக்க நிறுவனங்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். சலுகை என்று பார்க்கத் தேவையில்லை. அனுபவமுள்ள ஆளையே இன்ஜினீயராக்கினால் லாபம் கம்பெனிக்கும்தான்.

பணம் கட்டும் முன்

கல்லூரி பெயர் மட்டும் போதாது. அந்தக் குறிப்பிட்ட பிரிவுக்கு, அந்த வருஷத்துக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று ஏஐசிடிஇ தளத்தில் பாருங்கள். பட்டம் தரப்போவது எந்தப் பல்கலைக்கழகம், சான்றிதழில் என்ன பெயர் இருக்கும் என்று கேளுங்கள். முக்கியமாக, உங்கள் ஹெச்.ஆரிடம் "இந்தப் பட்டத்தைப் பிரமோஷனுக்கு ஏற்பீர்களா?" என்று மெயிலில் கேட்டு, பதிலை வாங்கி வையுங்கள். வாய்வார்த்தை வேலைக்கு ஆகாது. அந்த பதில் வரும்வரை முதல் தவணையைக் கட்ட வேண்டாம்.