முப்பது வெள்ளிக்காசும் முந்நூறு ரூபாயும்

தேர்தல் கமிஷனில் யாருக்காவது காலண்டர் பார்க்கத் தெரியுமா என்ற சந்தேகம் தென்மாவட்டங்களில் பலருக்கும் வந்த வருஷம் 2019. தமிழ்நாட்டுக்குப் பார்லிமெண்ட் தேர்தல் ஏப்ரல் 18 என்று அறிவித்தார்கள். மதுரைக்காரர்கள், 'ஐயையோ, சித்திரைத் திருவிழா!' என்றார்கள். கத்தோலிக்கர்கள், 'ஐயையோ, பெரிய வியாழன்!' என்றார்கள். மதுரைக்கு இரண்டு மணி நேரம் போனஸ் கிடைத்தது. ராத்திரி எட்டு மணி வரை ஓட்டுப் போடலாம். பெரிய வியாழனுக்காகத் தேதியை மாற்றக் கேட்டுப் போன வழக்கை ஹைகோர்ட் ஏற்கவில்லை.

ஆக, தேனி ஜில்லாவின் கத்தோலிக்க வாக்காளருக்கு அன்றைக்கு டபுள் டூட்டி. பகலில் பூத், சாயங்காலம் கோயில். காலையில் விரலுக்கு மை, மாலையில் பாதம் கழுவும் சடங்கு.

பெரிய வியாழன் ராத்திரி என்ன நடந்தது என்று மற்ற மதக்காரர்களுக்கும் தெரியும். இயேசுவின் கடைசி விருந்து. முப்பது வெள்ளிக்காசுக்கு விலை பேசி முடித்துவிட்டு யூதாஸ் வந்து உட்கார்ந்தது அந்தப் பந்தியில்தான்.

அந்த 2019 பெரிய வியாழனுக்கு இரண்டு நாள் முன்னால் ஆண்டிப்பட்டியில் என்ன நடந்தது? ஒரு கட்சி ஆபீஸ் இருந்த கட்டடத்தில் வருமான வரித்துறை ரெய்டு. கூட்டம் கூடி, தள்ளுமுள்ளாகி, போலீஸ் வானத்தைப் பார்த்துச் சுட்டது. விடிந்து எண்ணினால் 1 கோடியே 48 லட்சம் ரூபாய். சும்மா மூட்டையாக இல்லை, கவர் கவராக. கவர் மேலே வார்டு நம்பர், அதில் எத்தனை ஓட்டு, தலைக்கு 300 ரூபாய் என்ற குறிப்பு. இவ்வளவு சுத்தமான கணக்கை நான் பி.காம். மூன்று வருஷத்தில் எழுதியதில்லை!

அன்றைக்கு முப்பது, இன்றைக்கு முந்நூறு. இரண்டாயிரம் வருஷத்துப் பணவீக்கத்தை வைத்துப் பார்த்தால் ஓட்டரின் ரேட் படுமோசமாக இறங்கியிருக்கிறது.

தமாஷ் இருக்கட்டும். பணம் கொடுக்கிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை, ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். சிக்கலே அங்கேதான். கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அண்ணன் என்னிடம் கேட்டார்:

"தம்பி, ஒரு சந்தேகம். காசு வாங்கியாச்சு, சத்தியமும் பண்ணியாச்சு. இப்ப மாத்திக் குத்துனா பாவம்தான?"

"யார் மேலண்ணே சத்தியம்?"

"மாதா மேல."

"காசு கொடுத்தவர் வேதக்காரரா?"

"அட நீங்க வேற. அவருக்கு மாதாவும் ஒண்ணுதான், மாரியாத்தாவும் ஒண்ணுதான். அவரு கட்சிக்காரரு தம்பி!"

சிரிப்பு வந்தாலும் கேள்வி சின்னதில்லை. சாமிக்குப் பயப்படுகிற மனுஷனின் அந்தப் பயத்தையே பூட்டாக மாட்டி, சாவியைக் கட்சிக்காரர் எடுத்துப் போய்விடுகிறார்.

இதற்குப் பதில் பைபிளிலேயே இருக்கிறது. ஏரோது ராஜா விருந்தில் ஆடிய பெண்ணிடம், 'எது கேட்டாலும் தருகிறேன்' என்று எல்லோர் முன்னாலும் ஆணையிட்டான். அவள் ஸ்நாபக அருளப்பரின் தலையைக் கேட்டாள். ராஜாவுக்கு வருத்தம்தான், ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதற்காக அவனை உத்தமன் என்று யாராவது சொல்கிறோமா? தப்பான காரியத்துக்குச் செய்த சத்தியம் யாரையும் கட்டாது என்பது 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் எழுதிவைத்த சங்கதி. திருச்சபையும் அதைத்தான் சொல்லி வருகிறது. காசு வாங்கியது ஒரு தப்பு. அதைக் காப்பாற்ற மனசுக்குப் பிடிக்காதவருக்கு ஓட்டும் போட்டால், அது இரண்டாவது தப்பு. சட்டமும் சும்மா இல்லை: கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒரு வருஷம் வரை ஜெயில்.

ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து இதைச் சொல்வது சுலபம் என்பதும் தெரியும். விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்து, குமுளி மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற அம்மாவுக்கு 300 ரூபாய் என்பது வீட்டுக்கு அரிசி. அந்த அம்மாவின் தப்பையும், கவர் மேல் வார்டு நம்பர் எழுதியவரின் தப்பையும் ஒரே தராசில் நிறுத்தினால் தராசே சிரிக்கும்.

*

சரி, யாருக்குப் போடுவது என்று பங்குச்சாமியாரையே கேட்டுவிட்டால் என்ன?

கேட்கலாம். அவர் பெயர் சொல்லக்கூடாது. 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, குருக்கள் அரசியல் கட்சிகளில் தீவிரமாக இறங்கக்கூடாது என்கிறது. நாட்டுச் சட்டம் இன்னும் கறார். 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவுப்படி, 'இவருக்கு ஓட்டுப் போடாவிட்டால் கடவுளின் கோபம் வரும்' என்று வாக்காளரைப் பயமுறுத்துவது முறைகேடு. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதும் முறைகேடுதான். வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படியே என்று சுப்ரீம் கோர்ட் 2017 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகளில் நாலுக்கு மூன்று என்ற கணக்கில்.

ஆகவே ஆயர்கள் தேர்தலுக்குத் தேர்தல் கடிதம் எழுதுவார்கள். எந்தச் சின்னத்தின் பெயரும் அதில் இருக்காது. ஏழைகள் பக்கம் நிற்பவரா, அரசியல் சட்டத்தை மதிப்பவரா, லஞ்சம் வாங்காதவரா என்று பாருங்கள் என்பார்கள். நம்ம ஆளுக்கு எரிச்சல் வரும்: "சாமி, கேள்வித்தாள் குடுத்தீங்க. விடைத்தாள் எங்க?"

விடைத்தாள் கிடையாது. அதுதான் விஷயமே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏடு, மனசாட்சியை மனுஷனும் கடவுளும் தனியாகச் சந்திக்கிற இடம் என்கிறது. எல்லாப் பிரச்சனைக்கும் குருக்களிடம் ரெடிமேட் தீர்வு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொல்கிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் மறைப்பு உண்டு, வாக்குச்சாவடியிலும் மறைப்பு உண்டு. ஒரே வித்தியாசம்: அங்கே தடுப்புக்குப் பின்னால் சாமியார் இருப்பார். இங்கே யாருமில்லை, நீங்கள் மட்டும்தான்.

*

நம்பிக்கை ஒன்றாக இருந்தால் ஓட்டும் ஒன்றாகத்தான் விழும் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை குமுளி வரை பஸ் ஏறிப் போய்வரலாம். மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி ஜில்லா. 2011 சென்சஸ்படி அங்கே நூற்றுக்கு 43 பேர் கிறிஸ்தவர்கள். இந்தப் பக்கம் தேனியில் சுமார் 3 பேர். அங்கேயும் ஞாயிறு பூசை, இங்கேயும் ஞாயிறு பூசை. ஆனால் முல்லைப் பெரியாறு பற்றிக் கேட்டுப் பாருங்கள்! அங்கே உள்ளவர் அணைக்குக் கீழே படுத்துத் தூங்கப் பயப்படுகிறார். இங்கே இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டிப் பக்கத்து விவசாயிக்குத் தண்ணீர் வராவிட்டால் தூக்கமே வராது. 2011 டிசம்பரில் எல்லையில் கலவரமானபோது இரண்டு பக்கமும் ஜெபமாலை உருட்டியிருப்பார்கள். மாதா யார் பக்கம்?

சபை கை காட்டினால் மட்டும் ஓட்டு நிற்குமா? அதற்கும் இடுக்கியே பாடம். மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய காட்கில், கஸ்தூரிரங்கன் அறிக்கைகளை எதிர்த்து அங்கே ஒரு சமிதி கிளம்பியது. மறைமாவட்டத்தின் ஆதரவும் அதற்கு இருந்தது. சமிதியின் ஆளான ஜாய்ஸ் ஜார்ஜ், இடதுசாரிகள் ஆதரவோடு சுயேச்சையாக நின்று 2014-ல் ஜெயித்தார், சுமார் 50 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில். 1959-ல் கம்யூனிஸ்ட் சர்க்காருக்கு எதிரான விமோசன சமரத்தில் முன்னால் நின்றது கேரளக் கத்தோலிக்க சபை என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்! 2019-ல் அதே ஜாய்ஸ் ஜார்ஜ் 1 லட்சத்து 71 ஆயிரம் ஓட்டில் தோற்றார். ஐந்து வருஷத்தில் அந்த மக்கள் மதம் மாறிவிடவில்லை. மறுபடி எடைபோட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

*

"அதெல்லாம் சரி, நம்ம ஆள் ஒருத்தர் நின்னா அவருக்குத்தான போடணும்?" என்பார்கள்.

'நம்ம ஆள்' ஏற்பாடு ஏற்கெனவே இருந்து பார்த்ததுதான். 1935-ம் வருஷத்துச் சட்டப்படி சென்னை மாகாணச் சட்டசபையில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8 தனி இடங்கள். கிறிஸ்தவர் நிற்பார், கிறிஸ்தவர் மட்டும் அவருக்கு ஓட்டுப் போடுவார். சுதந்திரத்துக்குப் பின் அரசியல் நிர்ணய சபை 1949-ல் மதவாரி இட ஒதுக்கீடே வேண்டாம் என்று முடிவெடுத்தது. சபையின் துணைத்தலைவர் ஹெச்.சி.முகர்ஜி, லயோலா கல்லூரியின் இயேசு சபைக் குருவானவர் ஜெரோம் டிசௌசா போன்ற கிறிஸ்தவ உறுப்பினர்களே அதை ஆதரித்தார்கள். தனிப் பெட்டியில் நம் ஓட்டு பத்திரமாக இருக்கும். ஆனால் ஊரில் வேறு எவனும் அதைத் தேடி வரமாட்டான்.

பயமே கூடாது என்று சொல்லவில்லை. பயமும் ஒரு நியாயமான எடைக்கல்தான். 2002 அக்டோபரில் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கிறிஸ்தவப் பள்ளிகள் கதவடைத்து எதிர்ப்புக் காட்டின. 2004 தேர்தலில் ஆளுங்கட்சி ஒரு பார்லிமெண்ட் சீட்கூட இல்லாமல் தோற்றது. மே மாதமே சட்டம் வாபஸ். அந்தத் தேர்தலில் நம்ம பெரியகுளம் தொகுதியில் ஜெயித்த ஜே.எம்.ஆரூண் ஒரு முஸ்லிம். ஓட்டுப்பெட்டியில் 'நம்ம ஆள்' என்பதற்கு இப்படியும் ஒரு அர்த்தம் உண்டு.

ஆனால் பயத்தை மட்டுமே வைத்து எடைபோட்டால் கட்சிகளுக்குச் செலவு மிச்சம். கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக், ஆயரோடு ஒரு போட்டோ, கணக்கு முடிந்தது. உண்மையான பாக்கி அப்படியே நிற்கும். உதாரணத்துக்கு, தலித் கிறிஸ்தவர் விவகாரம். 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு பட்டியல் சாதி அந்தஸ்தை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வெளியே. பெரியகுளம் சட்டசபைத் தொகுதி ரிசர்வ் தொகுதி. அங்குள்ள தலித் கத்தோலிக்கர் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டசபை தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பியது. எத்தனையோ தேர்தல் அறிக்கைகளில் ஏறி இறங்கிய அயிட்டம் இது. எங்கள் காமர்ஸ் பாஷையில் இதற்குப் பெயர் வாராக்கடன். கடன்காரரைக் கேட்பதும் மனசாட்சியின் வேலைதான். கோயிலுக்குள்ளேயே சாதி பார்க்கிறவருக்கு அதைக் கேட்க வாய் வருமா என்பதும் அதே மனசாட்சியின் வேலை.

*

மதமும் சாதியும் கொஞ்சமும் உதவாத தேர்தலும் உண்டு. சாட்சி, அதே 2019 பெரிய வியாழன், அதே ஆண்டிப்பட்டி. அன்றைக்கே அங்கே சட்டசபை இடைத்தேர்தலும் நடந்தது. தி.மு.க.வுக்கு மகாராஜன், அ.தி.மு.க.வுக்கு லோகிராஜன், இருவரும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி! ஒரே சாதி, ஒரே சாமி, ஒரே அம்மா. இனி எதைப் பார்த்துப் போடுவது? வேலையைப் பார்த்துத்தான், வேறு வழியே இல்லை. ஜெயித்தவர் மகாராஜன். பார்லிமெண்ட் சீட் மட்டும் அ.தி.மு.க.வுக்குப் போனது. ஒரே நாளில் இரண்டு பட்டன், இரண்டு முடிவு. தேனிக்காரர்கள் கூட்டிக் கழிக்கத் தெரிந்தவர்கள்தான்.

'எவனும் சரியில்லை, நோட்டா!' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2013-லிருந்து அந்தப் பட்டன் இருக்கிறது, உங்கள் உரிமை. ஆனால் பெரிய வியாழனுக்கு மறுநாள் காலையில் ஒருத்தர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கையைக் கழுவினார்; பெயர் பிலாத்து. கை சுத்தமாயிற்று, தீர்ப்பு மாறவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் தப்புக்கு அபராதம் பத்து 'அருள்நிறைந்த மரியே' என்றால், சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகும்; அதையும் தப்புச் செய்தவர் மட்டும் சொன்னால் போதும். தேர்தல் அப்படியா? நீங்கள் முந்நூறு ரூபாய்க்குச் செய்த தப்புக்கு, ஊரே சேர்ந்து ஐந்து வருஷம் முட்டி போட வேண்டும்.