கனகக்குன்னை ஓட்டலாக்கச் சொல்லும் கணக்குப்பிள்ளைகளுக்கு

போன ஞாயிறு நம்ம தமிழ்க் குடும்பங்கள் கூடின சாப்பாட்டில், பேச்சு கனகக்குன்னு கொட்டாரத்தில் வந்து நின்றது. (கொட்டாரம்னா அரண்மனை. நாகர்கோவில்காரங்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டாம்.)

"ஊர் நடுவுல இத்தனை இடம். டான்ஸ் ஆடவும் வாக்கிங் போகவுமா? அஞ்சு நட்சத்திர ஓட்டல்காரன்கிட்ட கொடுத்தா கோடி கோடியா கொட்டுமே சார்" என்றார் ஒருவர். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் பி.காம்., பேங்க் ஆபீசர். என்கிட்டயே கணக்கு!

சரி, கணக்கே பார்ப்போம். கோவளம் ஹால்சியன் கேஸில் 1932-ல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் கட்டியது. 1964-ல் கேரள அரசு வாங்கியது. பிறகு ஐடிடிசி ஓட்டலோடு சேர்ந்தது. 2002-ல் மத்திய அரசு அந்த ஓட்டலைத் தனியாருக்கு விற்றபோது அரண்மனையும் கூடவே போய்விட்டது. 2005-ல் மாநில அரசு தனிச் சட்டமே போட்டும் உயர்நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2016-ல் உச்சநீதிமன்றத்திலும் தோல்வி. 2017-ல் ஒப்படைக்க முடிவு செய்து, சிவில் வழக்குப் போடும் உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டது. எங்க பாஷையில் இதுக்குப் பேர் வாராக்கடன்.

கொச்சித் தீவில் டச்சுக்காரர் 1744-ல் கட்டிய போல்காட்டி மாளிகை அரசு ஓட்டலாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் ஓட்டல் வாட்ச்மேனைப் பார்த்தா நமக்குக் கால் தயங்குமா இல்லையா?

கனகக்குன்னு, ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் ராஜா வீட்டு விருந்துக்கு எழுந்தது. இன்று சுற்றுலாத் துறை வசம். அந்த வளாகத்து நிசாகந்தி திறந்தவெளி அரங்கில்தான் டிசம்பர் திரைப்பட விழாவுக்குக் கூட்டம் அலைமோதும். தஞ்சாவூரை விட்டு வந்த புதிதில், பாஷை தெரியாம, வாடகை வீட்டில் முடங்கிக் கிடந்தோம். என் மகள் முதன்முதலா மேடையில் பரதம் பார்த்தது அங்கேதான், கடலை கொறிச்சுக்கிட்டு. பக்கத்தில் இருந்த அம்மா "மோளே, இவிடே இரிக்கு" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். இதை எந்த லெட்ஜரில் எழுதறது?

குறை இல்லாமல் இல்லை. கண்காட்சின்னு கொட்டகை போட்டா புல்தரை பாழாகுது. அதைத் திட்டுங்க, நானும் வர்றேன்.

தலையாட்டினவங்ககிட்ட, நிசாகந்தியில் ஒரு நிகழ்ச்சியாவது பார்த்திருக்கீங்களான்னு கேட்டேன். ஒருத்தர் மட்டும் போயிருக்கார், கார் நிறுத்த. மத்தவங்களுக்கு சனி, ஞாயிறுன்னா லுலு மால்.

அடுத்த நிகழ்ச்சிக்கு நாங்க போறோம். வர்றவங்க போன் பண்ணுங்க.